சாகுல் பாய் தாமதிக்கவில்லை

கேம்பல் லேன் முனையில் நான் தினமும் தேநீர் குடிக்கும் கடைக்காரர்தான் செய்தியை முதலில் சொன்னார். "சாகுல் பாய் மவுத்தாயிட்டாராம் லா. விடியக்கால சுபுஹு தொழுதுட்டு வந்து நாற்காலியில உட்கார்ந்தவரு, எந்திரிக்கவே இல்லையாம்" என்றார். நான் கோப்பையை வைத்துவிட்டு நடந்தேன். சங்க அலுவலகத்துக்குப் போகும் வழியில் மேலும் மூன்று பேர் என்னை நிறுத்தி அதையே சொன்னார்கள். பூக்கட்டும் பெண்மணி அழுதுகொண்டே சொன்னார். பாய்க்கும் அவருக்கும் என்ன பழக்கம் என்றுகூட எனக்குத் தெரியாது.

முதலில் வந்தது துக்கம் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் வந்தது வேறு. கூட்டம் எவ்வளவு வரும் என்று யோசித்தேன். நான் போனால் இதில் கால்வாசியாவது வருமா என்று அடுத்தபடியாக யோசித்தேன். பதின்மூன்று வருடம் ஒரே அறையில், எதிரெதிர் மேசையில் உட்கார்ந்திருந்த மனிதரின் மரணச் செய்தியைக் கேட்டுக்கொண்டு, நடுத்தெருவில் நான் போட்ட கணக்கு இது.

சாகுல் ஹமீது அவர்களைப் பற்றி நினைவு மலருக்கு எழுதித் தரும்படி சங்கம் என்னைக் கேட்டது இயல்புதான். அவரோடு நெடுநாள் இருந்தவன் நான். அவர் மேல் நெடுநாள் பொறாமைப்பட்டவனும் நானே என்பது கேட்டவர்களுக்குத் தெரியாது. அதையும் எழுதாமல் அவரைப் பற்றி எழுத முடியாது. ஆகவே எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் நடுவில், பஃபலோ ரோட்டில் மளிகைக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் தொழிலாளர் சங்கத்தின் கிளை இயங்கிவந்தது. நான் செயலாளர். வேலையிடத்தில் அடிபட்டவர்களுக்கும் நோய்ப்பட்டவர்களுக்கும் இழப்பீட்டு மனு எழுதித் தருவதும் என் வேலையாக இருந்தது. என் ஆங்கிலம் நன்றாக இருக்கும். தொழிலாளர் இலாகாவில் ஓர் அதிகாரி என் மனுவைப் படித்துவிட்டு நான் எந்தக் கல்லூரி என்று கேட்டிருக்கிறார். நான் கல்லூரி வாசலையே மிதிக்காதவன் என்பதைச் சொல்வதில் எனக்கு ஒரு பெருமிதம். மனுக்கள் பெருகியபோது உதவிக்கு ஓர் எழுத்தர் தேவைப்பட்டார். கப்பல்களுக்குச் சாமான் அனுப்பும் கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்த சாகுல் பாயைச் சங்கத் தலைவர் அழைத்துவந்தார்.

ஒல்லியான மனிதர். வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட கைலி, சட்டைப் பையில் இரண்டு பென்சில். என்னைவிட இரண்டு வயது இளையவர். முதல் நாளே "அண்ணே" என்று கூப்பிட்டார். அவர் ஆங்கிலத்தைப் பார்த்தேன். சுமார்தான். மனம் நிம்மதியானது.

நிம்மதி ஒரு மாதம்கூட நிலைக்கவில்லை. ஒரு குத்தகைக்காரரிடம் பூச்சி மருந்து அடிக்கும் வேலை பார்த்த காத்தமுத்து என்பவர், தனக்கும் மனைவிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் வாந்தியும் மயக்கமும் என்று வந்தார். வேலைக்குப் போனவருக்கு வந்தால் வேலையால் வந்தது என்று வாதாடலாம். வீட்டில் இருந்தவர்களுக்கும் சேர்ந்து வந்தால் அது சாப்பாட்டுக் கோளாறு. கெட்டுப்போன மீனாக இருக்கும் என்று முடிவு கட்டி, மனு எழுத இடமில்லை என்று அனுப்பிவிட்டேன்.

சாகுல் பாய் அவரைப் படிக்கட்டில் நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார். பிறகு பதின்மூன்று வருடமும் வந்தவர்கள் எல்லாரிடமும் அவர் முதலில் கேட்ட கேள்வி அது. "வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போனதும் முதல்ல எதைத் தொடுவீங்க?"

என்ன கேள்வி இது என்று எனக்குச் சிரிப்பு வந்தது. சாகுல் பாய் சிரிக்காமல் காத்தமுத்துவோடு அவர் அறைக்கே போய்விட்டார். அடுப்பைப் பார்த்தார், துணி தொங்கும் கயிற்றைப் பார்த்தார், கடைசியில் அரிசி டின்னின் மூடியைத் திறந்து முகர்ந்தார். மருந்து வந்த காலி டின். நல்ல தடிமனான தகரம், இறுக்கமான மூடி, எலி நுழையாது. வீணாகப் போகிறதே என்று காத்தமுத்து கழுவி எடுத்துவந்து அரிசி கொட்டிவைத்திருந்தார். அந்தக் குத்தகைக்காரரிடம் வேலை பார்த்த எல்லார் வீட்டிலும் அதே டின் இருந்தது என்று ஒரே வாரத்தில் கண்டுபிடித்தார் பாய்.

காத்தமுத்துவின் மனைவி அடுத்த வாரம் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். நேராகச் சாகுல் பாய் மேசைக்குப் போனார். எனக்கு ஒரு வணக்கம் கிடைத்தது. அன்று தொடங்கியது என் வயிற்றெரிச்சல்.

அதன்பின் வந்தவர்கள் எல்லாரும் "பாய் இருக்காரா?" என்றே கேட்டார்கள். சலவைக் கடையின் பின்னறையில் துணி அழுக்கெடுக்கும் திரவத்தோடு படுத்துத் தூங்கி, தலைசுற்றலோடு எழுந்த சீனர் ஒருவர் வந்தார். அவரோடு பாய் கடைத்தெருவில் எல்லாரும் பேசும் பசார் மலாயில் அரைமணி நேரம் பேசினார். எனக்கும் பசார் மலாய் தெரியும். என்னிடம் யாரும் அரைமணி நேரம் பேசியதில்லை. என் மனைவிக்குக் கையில் அரிப்பு வந்தபோது அவளே, "பாய்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்களேன்" என்றாள். அன்று நான் வீட்டில் சாப்பிடவில்லை.

பொறாமைக்காரனுக்கும் ஒரு நல்ல காலம் வரும். எனக்கு வந்தது கல்லாங் பக்கம் இருந்த ஒரு பேட்டரிப் பட்டறையால். பழைய கார் பேட்டரிகளை உடைத்து, உள்ளிருக்கும் ஈயத் தகடுகளை உருக்கி, புதிதாக வார்க்கும் இடம் அது. தமிழர்களும் சீனர்களுமாகப் பத்துப் பதினைந்து பேர் வேலை செய்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பதும், மணிக்கட்டு தொங்கிப்போவதும் அங்கே சகஜமாக இருந்தது. ஈயத்தூசியை முறிக்கப் பால்தான் மருந்து என்று பட்டறை ஆட்கள் எல்லாரும் நம்பினார்கள். நானும் நம்பினேன். பட்டறை முதலாளியான தவுக்கேயிடம் போனேன், பேசினேன், மேசையைத் தட்டினேன். தினமும் காலை பத்து மணிக்கு ஆளுக்கு ஒரு பெரிய மங்குக் கோப்பை நிறையப் பால் கொடுக்க ஒப்புக்கொள்ள வைத்தேன்.

எனக்கு மாலை போட்டார்கள். தமிழ்ப் பத்திரிகை ஒன்றில் நாலு வரி வந்தது. தேக்கா சந்தையில் ஆட்கள் என்னைப் பார்த்து "பால் கோவிந்தராசு அண்ணன்" என்று சொல்லிக்கொண்டார்கள். நான் சாகுல் பாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு சிறு சுணக்கமாவது தெரிய வேண்டும் என்று ஏங்கினேன். அவரோ எல்லாரையும்விட அதிகமாகக் கை தட்டினார்.

இரண்டு வாரம் கழித்து அவர் பட்டறைக்குப் போய்வந்தார். வந்ததும் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, மெதுவான குரலில் பேச ஆரம்பித்தார். பால் கொடுக்கும் இடத்தில் கை கழுவக் குழாய் இல்லை. உருக்கும் கொப்பரைக்குப் பக்கத்து மேசையிலேயே கோப்பைகளை வரிசையாக வைக்கிறார்கள். கையெல்லாம் சாம்பல் நிறத் தூசியோடு ரொட்டியைப் பாலில் தோய்த்துத் தின்கிறார்கள். முன்பெல்லாம் பத்து மணிக்கு வெளியே போய் ஒரு தேநீராவது குடிப்பார்கள், இப்போது பால் கிடைப்பதால் வெளியே போவதையும் விட்டுவிட்டார்கள்.

"பாலு தப்பில்லண்ணே. அதைக் குடிக்கிற இடந்தான் தப்பு. ஒரு குழாயடியும் தனி அறையும் கேட்போம். கோப்பைக்கு மூடியும் கேட்கணும்."

பட்டறைக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தை அவர் எழுதியே கொண்டுவந்திருந்தார். செயலாளர் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. நான் அதைப் படித்தேன். அதில் என் பாலைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லை. ஆனால் எனக்கு அது, நான் கட்டிய வீட்டில் இவர் வந்து ஓட்டை பார்ப்பது போல இருந்தது. என் பெயர் கொஞ்சம் வெளியே வந்தது பொறுக்கவில்லை இவருக்கு என்று நினைத்தேன். என்னை வைத்து அவரை அளந்தேன். செயற்குழுவில் வைக்கிறேன் என்று சொல்லி, கடிதத்தை இழுப்பறையில் போட்டேன்.

செயற்குழுவில் வைக்கவில்லை. அவர் இரண்டு முறை கேட்டார். யோசித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றேன். மூன்றாம் முறை கேட்டபோது, செயலாளர் யார் என்று திருப்பிக் கேட்டேன். அவர் முகம் சுண்டிப்போனது. நாலு மாதம் அந்தக் கடிதம் அங்கேயே கிடந்தது.

அந்தப் பட்டறையில் வேலாயுதம் என்றொருவர் இருந்தார். பொத்தோங் பாசிர் கம்பத்துக் குடியிருப்பில் மனைவி பாக்கியத்தோடும் நாலு வயது மகள் செல்வியோடும் குடியிருந்தவர். அவர் தன் பங்குப் பாலைக் குடிப்பதில்லை. யாருக்கும் தெரியாமல் ஒரு டிபன் கேரியர் அடுக்கில் ஊற்றி, மேசைக்கு அடியில் வைத்துவிடுவார். மத்தியானம் வரை அது திறந்தே கிடக்கும். வேலை முடிந்ததும் கொண்டுபோய், காய்ச்சி, மகளுக்குக் கொடுப்பார். மெலிந்த பிள்ளை, பால் குடித்தால் தேறும் என்பது அவர் எண்ணம். அந்த இடத்தில் எந்தத் தகப்பனும் அதைத்தான் செய்திருப்பார்.

செல்விக்கு முதலில் வயிற்றுவலி வந்தது. பிறகு முகம் வெளுத்தது. ஒருநாள் மத்தியானம் வலிப்பு வந்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். ரத்தத்தில் ஈயம் இருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது, அது எப்படி வீட்டிலிருக்கும் குழந்தைக்கு வரும் என்று யாருக்கும் புரியவில்லை. சாகுல் பாய் பொத்தோங் பாசிருக்குப் போய், வேலாயுதத்திடம் தன் வழக்கமான கேள்வியைக் கேட்டார். வேலாயுதம் பதில் சொல்லிக்கொண்டே வந்து, டிபன் கேரியர் என்ற இடத்தில் நின்றுவிட்டாராம். அவருக்கே புரிந்துவிட்டது.

பிள்ளை பிழைத்தாள். இடது கை முன்போல இல்லை. பேச்சு மந்தமாகிவிட்டது. அப்பன் உடுப்பில் வந்த தூசியா, பாலில் விழுந்த தூசியா என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அந்த ஒரு வாக்கியத்தை நான் பல வருடம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பாய் என் மேசைக்கு வந்தார். கடிதத்தைக் கேட்டார். இழுப்பறையைத் திறந்து கொடுத்தேன். அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, உட்கார்ந்து அன்றைய தேதியில் புதிதாக ஒரு கடிதம் எழுதினார். அன்று மாலைக்குள் நான் கையெழுத்துப் போட்டுப் பட்டறைக்கு அனுப்பியாயிற்று.

வேலாயுதத்தின் இழப்பீட்டு மனு தொழிலாளர் இலாகாவில் விசாரணைக்கு வந்தது. அவர் கைகளும் அதற்குள் பாதி செயலிழந்திருந்தன. மகளையும் மனுவில் சேர்க்கப் பாய் எவ்வளவோ பார்த்தார், முடியவில்லை. அவள் தொழிலாளி இல்லை, வீட்டில் நடந்தது வேலையிடத்துக் காயம் ஆகாது என்று சட்டம் சொன்னது. இருந்தாலும் விசாரணையில் பாலைப் பற்றிய பேச்சு எழுந்தது. இப்படி ஓர் ஆபத்து இருந்தால் சங்கம் அதை ஏன் முன்பே எழுதித் தெரிவிக்கவில்லை என்று தவுக்கேயின் வழக்கறிஞர் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னார். பின்வரிசையில் பாக்கியம் செல்வியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் கையிலிருந்த காகிதங்களைப் புரட்டினேன்.

சாகுல் பாய் எழுந்தார். "அந்தக் கடிதத்தை எழுத வேண்டியது என் பொறுப்பு. தாமதமாயிடுச்சு" என்றார்.

படிக்கட்டில் இறங்கும்போது ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். கேட்ட குரலில் நன்றி இருந்ததாக நினைவில்லை. அவர் கோபமாகத்தான் இருந்தார். என் முகத்தைப் பார்க்காமலே பதில் சொன்னார். "எழுத்தன் பேரு கெட்டா ஒரு ஆளோட போயிடும். செயலாளர் கையெழுத்து கெட்டுச்சுன்னா அடுத்த மனுவ யாருண்ணே வாங்குவான்? நமக்கு இன்னும் ஒன்பது பேரு கேஸ் இருக்கு."

அவரைப் பெருந்தன்மைக்காரர் என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்குத் தெரிந்து அவர் அன்று என்னை மன்னிக்கவில்லை. ஒன்பது பேரை நினைத்துத்தான் அப்படிச் செய்தார். அதுவே எனக்கு இன்னும் எரிந்தது. என்னைக் காப்பாற்றியபோதுகூட அவர் என்னை நினைக்கவில்லை.

வேலாயுதத்தின் மனு ஏற்கப்பட்டது. பட்டறையில் குழாயடி வந்தது, தனி அறை வந்தது, கோப்பைக்கு மூடி வந்தது. பாக்கியத்தைப் பார்க்க நாங்கள் இருவரும் போனோம். அவர் வாசலை மறித்து நின்றார். "எம் பிள்ள வாயில விஷம் விழுந்தப்புறம் எழுதுனீங்க. இனி இங்க வராதீங்க பாய்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "அய்யா, நீங்க உள்ள வந்து உட்காருங்க" என்றார். நான் உள்ளே போய் உட்கார்ந்தேன். அவர் கொடுத்த தேநீரைக் குடித்தேன். பாய் வேலிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்.

இதைக் கையால் எழுதக் கூசுகிறது. ஆனாலும் எழுதிவிடுகிறேன். அடுத்த சில மாதங்கள் என் வாழ்க்கையில் இனித்த மாதங்கள். சிராங்கூன் சாலையில் செய்தி பரவிவிட்டது. பாய் அலட்சியமாக இருந்துவிட்டாராமே என்று ஆட்கள் பேசினார்கள். படியேறி வந்தவர்கள் அவர் மேசையைக் கடந்து என் மேசைக்கு வந்தார்கள். பழம்கூட வந்தது. எதிர் மேசையில் அவர் பென்சிலைச் சீவிக்கொண்டு குனிந்திருப்பார். நான் வேண்டுமென்றே சத்தமாகப் பேசுவேன்.

நீடிக்கவில்லை. என்னிடம் வந்தவர்களுக்கு நான் ஆங்கிலத்தில் நல்ல மனு எழுதிக் கொடுத்தேன், அவ்வளவுதான். ஈயம் கலந்த சிவப்புப் பெயின்டைச் சுரண்டுகிறவர் வீட்டில் குழந்தை தவழும் தரையைத் தடவிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அவருக்குத் தோன்றியது. ஒருவர் பின் ஒருவராக அவரிடமே திரும்பினார்கள். ஒரு வருடத்துக்குள் பழையபடி "பாய் இருக்காரா?" என்ற குரல் படிக்கட்டில் கேட்கத் தொடங்கிவிட்டது.

பாக்கியம் மட்டும் திரும்பவில்லை. வேலாயுதம் இறந்தபோதும் பாயை வாசலோடு அனுப்பிவிட்டார். பாயும் விளக்கம் சொன்னதில்லை. இத்தனை வருடத்தில் நானும் அவரும் அதைப் பற்றி ஒருமுறைகூடப் பேசியதில்லை. சுயாட்சி வந்தது, மலேசியாவோடு சேர்ந்தோம், பிரிந்தோம், பட்டறையையும் மூடிவிட்டார்கள். எதிரெதிர் மேசை அப்படியே இருந்தது. அவர் என்னை "அண்ணே" என்று கூப்பிடுவதை மட்டும் நிறுத்தியிருந்தார். "செயலாளர்" என்றே கூப்பிட்டார். மற்றவர்கள் அதை மரியாதை என்று நினைத்தார்கள்.

அவர் மறைந்த அன்று மதியம் டன்லப் தெருப் பள்ளிவாசலில் ஜனாஸா தொழுகை. தெரு கொள்ளவில்லை. தமிழர், சீனர், மலாய்க்காரர், சீக்கியக் காவலாளி ஒருவர். நான் எண்ணவில்லை என்று சொன்னால் பொய். எண்பது வரை எண்ணிவிட்டு, எதிர் நடைபாதையில் பாக்கியம் நிற்பதைப் பார்த்ததும் விட்டுவிட்டேன். பக்கத்தில் செல்வி. பெரிய பெண்ணாகிவிட்டாள். நான் தெருவைக் கடந்து போனேன்.

"வராம இருக்க முடியலய்யா. எல்லாருக்கும் நல்லது செஞ்ச மனுஷன், எம் பிள்ளைக்கு மட்டும் ஏன் கை ஓடாம இருந்தாரு? அதைத்தான் கேட்டுக்கிட்டே இருக்கேன், இத்தன வருஷமா" என்றார் பாக்கியம்.

பதில் என் வாயில் இருந்தது. அவரைச் சுமந்த சந்தூக்கு வெளியே வந்தது, கூட்டம் நகர்ந்தது, நானும் நகர்ந்துவிட்டேன்.

இந்தக் கட்டுரையை முதலில் வேறு மாதிரி எழுதினேன். அதில் அவருடைய நற்குணங்கள் எல்லாம் இருந்தன, இழுப்பறை இல்லை. படித்துப் பார்த்தபோது, செத்த பிறகும் அவரை வேலிக்கு வெளியே நிறுத்திவிட்டு நான் உள்ளே தேநீர் குடிப்பது தெரிந்தது. கிழித்துவிட்டு, இதுவரை நீங்கள் படித்ததை எழுதினேன். பாக்கியத்துக்குப் படிக்கத் தெரியாது. அச்சில் வருவதற்கு முன் அவர் காதில் விழ வேண்டும் என்று நேற்று மாலை நானே எடுத்துக்கொண்டு போய், முதல் வரியிலிருந்து வாசித்துக் காட்டினேன்.

இழுப்பறை வந்த இடத்தில் அவர் செல்வியைத் தண்ணீர் எடுத்துவர அனுப்பினார். நாலு மாதம் என்ற இடத்தில் என்னை நிறுத்தி, மறுபடி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். முடித்ததும் நான் எதிர்பார்த்த எதையும் அவர் செய்யவில்லை. கத்தவில்லை, அழவில்லை. "அவரை எங்க வச்சிருக்காங்க?" என்று மட்டும் கேட்டார்.

இன்று காலை பிடாடாரிக்கு மூவரும் போனோம். பஸ்ஸில் அவர் என் பக்கத்தில் உட்காரவில்லை. இடுகாட்டு வாசலில் திரும்பி, "நீங்க இங்கயே நில்லுங்க" என்றார். நின்றேன். புது மண் தெரிந்த இடத்தை விரலால் காட்டினேன். தாயும் மகளும் போனார்கள்.

பாக்கியம் அந்த மண்ணுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். உதடு அசைவது தெரிந்தது, சொல் கேட்கவில்லை. நடுவில் ஒருமுறை செல்வியின் இடது கையைப் பிடித்து அந்த மண்மேல் வைத்தார். மறுபடி பேசினார். வெகுநேரம் பேசினார். வெயில் ஏறிவிட்டது. நான் பஸ் நிறுத்தத்தின் நிழலுக்குக்கூடப் போகவில்லை. வெளியே வந்தபோது அவர் என்னைப் பார்க்கவும் இல்லை, திட்டவும் இல்லை. மகளைக் கைப்பிடித்துக்கொண்டு, வந்து நின்ற பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

போய் வாருங்கள், சாகுல் பாய். கடிதத்தை நீங்கள் காலத்தில் எழுதினீர்கள், தாமதித்தவன் கோவிந்தராசு. இனி இதைக் கேட்பவர்கள் அப்படியே கேட்கட்டும். பாக்கியம் உங்களிடம் சொன்னதில் ஒரு வார்த்தையாவது என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று வாசலில் நின்றபடி ஏங்கினேன். உங்கள் மேல் எனக்கு இன்றைக்கும் பொறாமைதான்.